பெரும்பான்மை ஆடுகளே

அக்டோபர் 7, செவ்வாய்

இன்றைக்கும் கப்பல்காரர் என்னோடு பேசிய மொத்தப் பேச்சு "ம்" மட்டும்தான். ஓட்டுவது ஒரு அரசாங்கப் படகு. நடுவில் இரண்டு பெஞ்சு, பின்னால் ஒரு மோட்டார். ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், அங்கிருந்து திரும்ப இந்தப் பக்கம். ஆனால் முகத்தைப் பார்த்தால் ஏழு கடலைத் தாண்டி வந்த களைப்பு. அதனால்தான் அவருக்குக் கப்பல்காரர் என்று பேர் வைத்தேன். என் வேலை கயிறு. படகு வந்தால் இழுத்துக் கட்டுவேன், போகும்போது அவிழ்த்து விடுவேன், நடுவில் ஏறுகிறவர்களுக்குக் கை கொடுப்பேன். வாய் கொடுப்பது என் சொந்த விருப்பம். அதற்குச் சம்பளம் கிடையாது.

தங்கச்சி காலையிலேயே வந்துவிட்டாள். செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு ஆஸ்பத்திரி. சிறுநீரகம் கெட்டுப்போனதிலிருந்து மெஷினில் போட்டுத்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள். ஆஸ்பத்திரி, சந்தை, ஆபீஸ் எல்லாம் அந்தப் பக்கம். நாங்கள் மட்டும் இந்தப் பக்கம். படகு இல்லாவிட்டால் பழைய பாலத்தைச் சுற்றிக்கொண்டு வேனில் போக வேண்டும். அந்தக் குலுக்கலில் நல்ல உடம்புக்காரர்களே வாந்தி எடுப்பார்கள்.

அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, சந்தைக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கூடவே வந்தார். ஒரு கையில் பெண்டாட்டி, இன்னொரு கையில் ஆட்டுக் கயிறுகள். "மாப்ளே, எந்தக் கையில இருக்கிறது வீட்டுக்காரின்னு முன்னாடியே சொல்லிடுங்க. நான்பாட்டுக்கு மாத்தி ஏத்திடப் போறேன்" என்றேன். தங்கச்சி சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் படிகள்தான் அவளுக்குச் சத்துரு. உயரம் உயரமாக, பாசி பிடித்து. சாய்வாக ஒரு பாதை போடுங்கள், தலைக்கு மேலே ஒரு கூரை போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு எங்கள் வாய் ஓய்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன். போக்குவரத்துத் துறை ஆபீஸ் குமாஸ்தாத் தம்பி. ஓடிக்கொண்டே பேசுகிற மாதிரி மூச்சு வாங்கினார்.

"அக்கா, நம்ம படகைப் பத்திப் பாராளுமன்றத்துல ஒரு உறுப்பினர் கேள்வி கேட்டிருக்காரு. மந்திரி பதில் சொல்லணுமாம். மேலேருந்து எங்களைக் கேக்கறாங்க. படகுல யாரு அதிகமாப் போறாங்கன்னு உடனே சொல்லுங்க."

எனக்கு முன்னால் மாப்பிள்ளையின் ஆடுகள் ஒவ்வொன்றாய் ஏறிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே சொன்னேன்: "மனுஷங்களை விட ஆடுங்கதான் தம்பி அதிகம். அதுங்கதான் இடிச்சுத் தள்ளாம ஏறுது."

"சரிக்கா, ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டார்.

மந்திரிக்கே நான் சொல்லிக் கொடுக்கிறேன். இனி கயிற்றைப் பிடிக்கும்போது கொஞ்சம் நிமிர்ந்து பிடிக்க வேண்டும்.

அக்டோபர் 9, வியாழன்

மழை. கயிறு நனைந்து கனம். கப்பல்காரர் இன்று "ம்" கூடச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். சிக்கனம்.

அக்டோபர் 12, ஞாயிறு

தங்கச்சியை ஒரு நோட்டுப் போட்டு, குடிக்கிற தண்ணீரை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் நர்ஸ். போன வாரம் கடையில் இரண்டு நோட்டு சேர்த்து விற்றான். இன்னொன்று என்னிடம் வந்தது, இதுதான். அவள் "அரை டம்ளர்" என்று எழுதி மூடிவிடுகிறாள். நான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். "அஞ்சாங்கிளாசோட நின்னவ, என்னக்கா இவ்வளவு எழுதற?" என்றாள். "அஞ்சாங்கிளாசுக்கு அப்புறம் பாக்கி வச்ச எழுத்தெல்லாம் இப்பத்தான்டி வெளிய வருது" என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. நடந்ததை நடந்த மாதிரி எழுதிப் பார்க்கிறேன், எழுதினால் புரியுமோ என்னவோ.

துறையில் இருக்கிற டீக்கடை டிவியில் பாராளுமன்றம் போட்டிருந்தார்கள். எங்கள் படகு வரும் என்று குமாஸ்தாத் தம்பி முன்கூட்டியே சொல்லியிருந்தார். கூட்டம் கூடிவிட்டது. எனக்குப் பெஞ்சில் நடு இடம்.

கேள்வியை உறுப்பினர் கேட்டார். (அ) இப்படி ஒரு படகு ஓடுகிறதா? (ஆ) அதில் அதிகம் பயணம் செய்வது யார்? (இ) மக்கள் பயணம் செய்வதானால், அவர்களுக்குக் கூரையும் சாய்பாதையும் எப்போது அமைக்கப்படும்?

எனக்கு அந்த (இ)யைக் கேட்டதும் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நம் கூரை! நம் பாதை! எங்கேயோ இருக்கிற ஒரு மனிதர் நமக்காக எழுந்து நின்று கேட்கிறார்.

மந்திரி எழுந்தார். கண்ணாடியைப் போட்டார். தாளைப் பார்த்து வாசித்தார்.

"அவைத் தலைவர் அவர்களே. (அ) ஆம். (ஆ) பயணம் செய்வோரில் பெரும்பான்மை ஆடுகளே. (இ) எழாது."

உட்கார்ந்துவிட்டார்.

பாராளுமன்றமே சிரித்தது. டீக்கடையும் சிரித்தது. நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். நான் சொன்னது, என் வாயிலிருந்து வந்தது, அந்தப் பெரிய மண்டபத்தில்! அப்புறம்தான் கவனித்தேன், டீக்கடையில் மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார்கள்.

உறுப்பினர் மறுபடி எழுந்தார். இப்போது அவருக்குக் கோபம். ஆடுகளுக்காகவா போக்குவரத்துத் துறை டீசல் ஊற்றுகிறது, யார் வீட்டுப் பணம் என்று மேஜையைத் தட்டினார். மந்திரிக்குப் பின்னாலிருந்து ஒருவர் ஒரு துண்டுக் காகிதம் நீட்டினார். மந்திரி அதைப் பார்த்து, மக்கள் பணம் ஒரு துளியும் வீணாகாது, ஆடுகள் கால்நடைத் துறையைச் சேர்ந்தவை, மாத முடிவுக்குப் பிறகு போக்குவரத்துத் துறை அந்தப் படகுக்குச் செலவு செய்யாது என்றார். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். அடுத்த கேள்வி ஏதோ சாலை விளக்கு.

அந்த உறுப்பினர் நமக்காகக் கேட்டாரா, நமக்கு எதிராகக் கேட்டாரா? இரண்டு தரமும் அதே ஆள்தானே எழுந்து நின்றார்?

எழாது என்றால் எது எழாது? கூரையா?

அக்டோபர் 17, வெள்ளி

குமாஸ்தாத் தம்பி நேரிலேயே வந்தார். இத்தனை நாளும் குரலை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். ஆள் சின்னவர், மூக்கில் இறங்குகிற கண்ணாடி. படகை விட்டு இறங்கும்போதே அழுகிற முகம்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? நீங்க சொன்னதைத்தான் அப்படியே எழுதினேன்."

"நான் சிரிக்கிறதுக்காகச் சொன்னேன் தம்பி!"

"போன்ல உங்க கண்ணு தெரியுமாக்கா?"

அப்புறம் கேட்டேன்: "சரி, தப்பாப் போச்சுன்னு மேல சொல்லிடுங்க. மனுஷங்கதான் அதிகம்னு மாத்திடச் சொல்லுங்க. பெரிய வேலையா?"

அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சபையில மந்திரி தப்பாச் சொன்னாருன்னு ஆனா, அவர் திரும்ப எழுந்து நின்னு மன்னிப்புக் கேக்கணும். அதுக்கு யாருக்கா விடுவாங்க? சபையில சொல்லியாச்சுன்னா சொன்னதுதான். இனிமே பதிலை மாத்த முடியாது. படகைத்தான் மாத்தணும்."

"அந்த எழாதுன்னா என்ன தம்பி?"

"மக்கள் போனாத்தானே மக்களுக்குக் கூரை? போறது ஆடுங்க. அதனால அந்தக் கேள்வியே எழாது, அதுக்கு இடமில்லைன்னு அர்த்தம்."

"கால்நடைத் துறைக்காரங்க படகை எடுத்துக்குவாங்களா?"

"அவங்களுக்கு இன்னும் கடிதமே போகலைக்கா."

அவரைத் திரும்பப் படகில் ஏற்றி விடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். பாசியில் கால் வழுக்கியது. "இந்தப் படியில எப்படிக்கா ஏறி இறங்குறாங்க?" என்றார். எழாது தம்பி என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். விழுங்கியது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 21, செவ்வாய்

தங்கச்சிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "ஏன்க்கா உம்முன்னு இருக்க? இப்ப கப்பல்காரர் ரெண்டு பேர் ஆயிட்டாங்களா?" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 31, வெள்ளி

நாளையிலிருந்து டீசல் இல்லை. ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். எல்லாரும் வாசித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

நவம்பர் 1, சனி

படகு கட்டிக் கிடக்கிறது. இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல என் கயிறு கட்டுத்தறியில் இருந்ததே இல்லை. மீன்காரர்களின் ஓடம் இருக்கிறது, ஒரு ஆள் குந்தி உட்கார்ந்தால் மறுபக்கம் சாயும். அதில் இவளை எப்படி ஏற்றுவது?

மாப்பிள்ளை வேனில் கூட்டிப்போனார். திரும்பி வரும்போது தங்கச்சி முகம் வெள்ளைத் துணி. வழியில் நாலைந்து இடத்தில் நிறுத்தி வாந்தி. என்னைப் பார்த்து ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தாள், சொல்லத் தெம்பில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

போக மாட்டேன் என்றுவிட்டாள். வேன் வேண்டாம், வியாழக்கிழமை பார்த்துக்கலாம் என்கிறாள். ஒரு தடவை விட்டால் என்ன ஆகும்? மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கம்.

நவம்பர் 5, புதன்

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

காலையில் போய்ப் பார்த்தால் கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கிக் கெடக்கு. மூச்சு இழுக்குது. படுத்தா முடியல, உட்கார்ந்தா முடியல. என்னால தானே, என் பாழாப்போன வாயால தானே! ஆடாம், பெரும்பான்மையாம்! வேன்காரன் போனை எடுக்கல. நானும் மாப்பிள்ளையும் அவளை நாற்காலியோட தூக்கிக்கிட்டு துறைக்கு வந்துட்டோம். எதுக்கு வந்தோம்? படகுதான் கட்டிக் கெடக்கே? தெரியல. கால் அங்கதான் போச்சு.

கப்பல்காரர் படகில் உட்கார்ந்திருந்தார். படகு ஓடாத நாளிலும் வந்து உட்காருகிறார் போல. எங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு கேன் டீசலை எடுத்து ஊற்றினார். அவருடைய சொந்த டீசல். அனுமதியில்லாமல் படகை எடுத்தால் வேலை போய்விடும், எனக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா?

மோட்டாரில் கை வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு ஆடு கொண்டு வாங்க."

எங்களுக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை முழித்தார். "ஆடா? இப்பவா?"

"இது ஆட்டுப் படகு. சபையில மந்திரியே சொல்லியாச்சு. ஆடு போனா யாரும் கேக்க முடியாது. நீங்கெல்லாம் ஆட்டுக்குத் துணைக்கு வர்றவங்க. ஓடுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியதில்லை.

மாப்பிள்ளை ஓடிப்போய்க் கையில் கிடைத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். காதில் வெள்ளைப் புள்ளி, கத்திக்கொண்டே வந்தது. அதைத் தங்கச்சி மடியில் வைத்தோம். ஆறு முழுக்க அது கத்திற்று, அவள் இழுத்து இழுத்து மூச்சு விட்டாள், நான் இரண்டையும் பிடித்துக்கொண்டேன்.

மெஷினில் போட்டுவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து வந்திருந்தால் நுரையீரலில் தண்ணீர் ஏறியிருக்கும் என்று டாக்டர் திட்டினார். நன்றாகத் திட்டினார். அந்தத் திட்டுக்கு அவர் காலைத் தொட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரி வாசலில் குட்டியைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். காவலாளி வந்து இது யாருடைய ஆடு என்றார். "எங்க தலைவர்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் அழுகை வந்தது.

நவம்பர் 7, வெள்ளி

நேற்றும் குட்டியோடுதான் போனாள். கேன் இன்னும் எத்தனை தடவைக்கு வரும்?

நவம்பர் 12, புதன்

கால்நடைத் துறையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். மாட்டு டாக்டராம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சட்டைப் பையில் மூன்று பேனா. அனுமதியில்லாமல் ஓட்டியதற்குக் கப்பல்காரரைத் தூக்கப் போகிறார்கள் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம்.

முந்தாநாளே குமாஸ்தாத் தம்பி போன் பண்ணிச் சொல்லியிருந்தார். "அக்கா, கவனமாக் கேளுங்க. கால்நடைத் துறைக்கு இந்த வருஷம் ஒதுக்கின பணம் செலவாகாமக் கெடக்கு. வருஷக் கடைசிக்குள்ள செலவு பண்ணலைன்னா அடுத்த வருஷம் வெட்டிடுவாங்க. அதனால படகு அவங்களுக்கு வேணும். ஆனா ஆடுங்க அதிகமா இருக்கணும். மனுஷங்க அதிகமா இருந்தா மந்திரி சொன்னது பொய்னு ஆயிடும். யாருமே படகைத் தொட மாட்டாங்க."

"அப்ப மனுஷங்க போறதுக்கு மனுஷங்க போகக் கூடாதா?"

"எனக்கும் தலை சுத்துதுக்கா. ஆடு பிடிங்க."

ஆடு பிடித்தோம். இந்தப் பக்கத்தில் ஆடு வைத்திருக்கிற ஒரு வீடு விடவில்லை. இத்தனை வருஷம் நான் கேலி பண்ணிய எங்கள் மாப்பிள்ளை, இன்றைக்குத் துறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று எல்லாருக்கும் உத்தரவு போட்டார். "அண்ணி, அந்தக் கறுப்பை முன்னாடி விடுங்க." நானும் விட்டேன்.

மாட்டு டாக்டர் சுற்றிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னங்க இது, ஆடுங்களுக்கு ஒரு நிழல் கூட இல்லையே?"

பூட்ஸ் காலால் படியைத் தேய்த்துப் பார்த்தார்.

"இந்தப் படியில எப்படி ஏறும்? பாசி வேற. கால் ஒடிஞ்சா யாரு பொறுப்பு? பாவம் வாயில்லாத ஜீவன்."

என் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு தங்கச்சி நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். சிரிக்கவா அழவா, சத்தியமாகத் தெரியவில்லை. வாயில்லாததாக இருந்தால்தான் ஜீவனா? நாங்கள் வாய் வலிக்கக் கேட்டோமே!

கடைசியில் மாட்டு டாக்டர் கப்பல்காரரிடம் போனார். ஐந்தாம் தேதி படகை எதற்கு எடுத்தீர்கள் என்றார்.

"ஆட்டுக்கு உடம்பு சரியில்ல" என்றார் கப்பல்காரர்.

"எந்த ஆடு?"

தங்கச்சி கையிலிருந்த குட்டியை நீட்டினாள். டாக்டர் அதன் கண்ணை விரித்துப் பார்த்தார், வாயைத் திறந்து பார்த்தார். "இப்ப நல்லா இருக்கே" என்றார். "ஆமாங்க, சரியான நேரத்துல கொண்டு போயிட்டாங்க" என்றாள் தங்கச்சி. அவர் அவள் காலைப் பார்த்தார். கையில் ஊசி குத்திய இடத்துக் கட்டைப் பார்த்தார். குட்டியின் தலையைத் தடவிவிட்டார்.

"ஆடு தனியா வரக் கூடாது. துணைக்கு ஆள் வரணும்" என்றார்.

"ஒரு ஆட்டுக்கு எத்தனை ஆளுங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"அது விதியில இல்லை" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

நவம்பர் 15, சனி

டீசல் வந்துவிட்டது. பீப்பாயில் மாட்டுப் படம்.

குட்டிக்கு மந்திரி என்று பேர் வைத்துவிட்டேன். இனி அதை விற்க முடியாது என்று மாப்பிள்ளை புலம்புகிறார்.

டிசம்பர் 9, செவ்வாய்

படிகளை உடைத்துச் சாய்பாதை போட்டு முடித்துவிட்டார்கள். வழுக்காமல் இருக்கக் குறுக்குக் குறுக்கே கோடு. மேலே தகரக் கூரை. ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். எல்லாம் ஆடுகளுக்கு.

தங்கச்சி இன்று யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், அவள் பாட்டுக்கு என்னைத் தாண்டிப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். "எப்படிடி?" என்றேன். "ஆட்டுக்கு ஏத்த மாதிரி போட்டிருக்காங்க. நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். ஆனால் யாருக்கு நன்றி சொல்வது? உறுப்பினருக்கா, மந்திரிக்கா, மாட்டு டாக்டருக்கா? என் வாய்க்கா? அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கூரை வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் நான் செய்தது நல்லதா? அவள் கால் வீங்கிக் கிடந்ததே, அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

தலை வலிக்கிறது. கூரைக்கு அடியில் போய் உட்கார்ந்தேன். ஆடுகள் இடம் கொடுத்தன.

பிப்ரவரி 3, செவ்வாய்

படகில் மந்திரி என் முந்தானையைத் தின்றுவிட்டது. தங்கச்சியின் சிரிப்பு அக்கரை வரை கேட்டது.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் போன். குமாஸ்தாத் தம்பி.

"அக்கா, பாராளுமன்றத்துல மறுபடியும் நம்ம படகு."

"யாரு கேட்டிருக்காங்க?"

"அதே உறுப்பினர்தான். கால்நடைத் துறைப் படகுல மனுஷங்க போறதா அவருக்குச் சேதி போயிருக்காம். ஆடுங்க பணத்துல மனுஷங்க எப்படிப் போகலாம்னு கேக்கறாரு. யாரு அதிகமாப் போறாங்க, சொல்லுங்க. சிரிக்காமச் சொல்லுங்க அக்கா, கும்பிடறேன்."

"மனுஷங்கன்னு சொன்னா என்ன ஆகும்?"

"தெரியலைக்கா."

"ஆடுங்கன்னு சொன்னா?"

"அதுவும் தெரியலைக்கா."

"எழுதிக்கிட்டே பேசறீங்களா, பேசிட்டு எழுதுவீங்களா?"

"எழுதிக்கிட்டேதான்."

சாய்பாதையில் தங்கச்சி வந்துகொண்டிருந்தாள். கயிற்றின் முன்னால் மந்திரி, கயிற்றின் பின்னால் அவள். குட்டியாக மடியில் கிடந்தது இப்போது கொம்பு முளைத்து, அவளை இழுத்துக்கொண்டு வருகிறது. வழி அதற்குத் தெரியும். செவ்வாய், வியாழன், சனி அதற்கும் தெரியும் போல. கப்பல்காரர் மோட்டாரில் கை வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை, கஷ்டமாக இருந்தது. அப்புறம் சொன்னேன்:

"துணைக்கு வர்றவங்கதான் அதிகம்னு எழுதுங்க தம்பி."

பேனா ஓடுகிற சத்தம். நின்றது. "யாரு யாருக்குத் துணைன்னு கேப்பாங்களேக்கா?"

"எழாது" என்றேன்.

பிறகு பேனா மறுபடி ஓடியது.

கப்பல்காரர் சிரித்தார். அவருக்கு அத்தனை பல் இருப்பது இன்றைக்குத்தான் தெரியும்.

போனை வைத்த பிறகு யோசித்தேன். இப்போது நான் சொன்னது வேடிக்கையா, நிஜமா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. அதற்குள் தங்கச்சி மந்திரியை ஏற்றிவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்து, "கயித்தை அவுத்து விடுக்கா, நேரமாச்சு" என்றாள்.

அவிழ்த்தேன்.